சாப்பிடப் பயப்படும் குழந்தை: மூக்குக் குழாயிலிருந்து வாய்ச் சாப்பாட்டுக்கு வரும் வழி

என் மகன் 29 வாரத்தில் பிறந்தவன். வென்டிலேட்டர், சளி உறிஞ்சும் குழாய், மூக்கில் ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் பால் விடும் குழாய்) என்று 9 வாரம் என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், இருந்தான். வீட்டுக்கு வந்ததும் குழாயோடுதான். ஸ்பூனைக் கையில் எடுத்தாலே முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறுவான். குழாய் கழன்றபோது அவனுக்கு ஒன்றரை வயது தாண்டியிருந்தது. அதில் 5 மாதம் என் தவறுகளுக்கே போனது.

இப்போது வாரத்தில் ஒரு நாள், அவனைச் சாப்பிடப் பழக்கிய சிகிச்சைப் பிரிவில், புதிதாக வரும் பெற்றோரோடு உட்காருகிறேன். வந்ததும் எல்லாரும் கேட்பது "என்ன கொடுத்தா சாப்பிடுவான்?" என்றுதான். கீழே உள்ள வரிசையில் உணவு 7ஆவதாக வருகிறது. தெரிந்தேதான் அங்கே வைத்திருக்கிறேன்.

பிறந்ததிலிருந்து குழாயில் இருந்த குழந்தை, இதயத்திலோ உணவுக்குழாயிலோ அறுவை சிகிச்சை முடிந்த குழந்தை, ஒரு தடவை தொண்டையில் சிக்கித் திணறியபின் கெட்டி உணவையே தொடாத குழந்தை என்று யாராக இருந்தாலும் வரிசை ஏறக்குறைய இதுதான். நான் டாக்டர் இல்லை. மருந்தையும் குழாய்ப் பாலின் அளவையும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

1. விழுங்க முடியவில்லையா, விழுங்கப் பயமா?

இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முடியாத குழந்தைக்குப் பழக்குகிறேன் என்று கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போகும். அதனால் இந்தப் படியைத் தாண்டாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

குடிக்கும்போது புரையேறுவது, குடித்தபின் குரல் தண்ணீர் கலந்த மாதிரி களகளவென்று கேட்பது, கண்ணில் நீர் கோப்பது, உதடு நிறம் மாறுவது, அடிக்கடி சளிக் காய்ச்சல் வருவது எல்லாம் எச்சரிக்கை. ஆனால் இருமலே வராமல் சத்தமின்றி நுரையீரலுக்கு இறங்குவதும் உண்டு. முக்கியமாகக் குறைமாதக் குழந்தைகளிடமும் நரம்புப் பிரச்சினை உள்ள குழந்தைகளிடமும் இதைப் பார்க்கலாம். ஆகவே "இருமலே இல்லையே" என்று நாமாக முடிவு செய்ய முடியாது.

பார்க்க வேண்டியவர் விழுங்கலில் அனுபவமுள்ள பேச்சு சிகிச்சையாளர். சந்தேகம் இருந்தால் பேரியம் கலந்த உணவை விழுங்கும்போது எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள். மூக்கைத் தொட்டாலே நடுங்கும் குழந்தை என்றால் அதை முன்கூட்டியே சொல்லி, எது நல்லது என்று கேளுங்கள். தனியாரிடம் போக வசதி இல்லாதவர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று விசாரியுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான மாவட்ட மையம் அது. கட்டணம் கிடையாது.

பரிசோதனைக்குத் தேதி கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். 4ஆம் 5ஆம் படிகளில் விழுங்கும் வேலையே இல்லை. அவற்றை இன்றே தொடங்கலாம்.

2. பசியைக் கெடுப்பவற்றைத் தேடுங்கள்

பயத்துக்குக் காரணமான வலி இன்னும் இருந்தால், நாம் ஒரு பக்கம் அழிக்கும் பாடத்தை அது மறுபக்கம் எழுதிக்கொண்டே இருக்கும். எதுக்களிப்பு அப்படித்தான். குடித்த ஒவ்வொரு முறையும் நெஞ்சு எரிந்தால், குடிப்பது என்றாலே எரிச்சல் என்று குழந்தை முடிவு கட்டிவிடும்.

பெரும்பாலும் யாரும் கேட்காமல் விடுவது மலச்சிக்கலை. மூன்று நாள் வெளியே போகாத குழந்தைக்குப் பசி எடுக்காது. என் மகனுக்கு அதைச் சரிசெய்த வாரத்திலேயே குழாய்ப் பாலை வாந்தி எடுப்பது பாதியாகக் குறைந்தது. வாய்ப்புண், பல் முளைப்பு, இரத்தசோகை இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சைப்ரோஹெப்டடின் கலந்த பசி சிரப்பை மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சில குழந்தைகளுக்கு டாக்டரே அதை எழுதிக் கொடுப்பதும் உண்டு. நீங்களாக வாங்கிக் கொடுத்தால் குழந்தை தூங்கி வழியும். பயம் அப்படியே இருக்கும்போது பசி மட்டும் கூடினால் அழுகைதான் கூடும்.

3. கையில் வைத்திருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. குழாயில் எவ்வளவு போனது, எத்தனை தடவை வாந்தி, எத்தனை தடவை சிறுநீர் என்று தேதியோடு எழுதுங்கள். டாக்டர் கேட்கும்போது நினைவிலிருந்து சொன்னால் கூட்டியோ குறைத்தோதான் சொல்வோம்.

எடை வாரத்துக்கு ஒரு தடவை, அதே தராசில், துணி இல்லாமல். அங்கன்வாடித் தராசு போதும். தினமும் எடை பார்த்தால் 50 கிராம் ஏறி இறங்குவதற்கெல்லாம் பயந்து, சாயங்காலம் வற்புறுத்தத் தொடங்கிவிடுவோம்.

குழி குறைவான சின்ன ஸ்பூன் இரண்டு, கால் ஊன்றும்படியான இருக்கை, ஒரு காலிக் கிண்ணம். கிண்ணம் எதற்கு என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

குறைமாதக் குழந்தைக்கு வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள். 11 வாரம் முன்னால் பிறந்த குழந்தைக்கு 6 மாதம் ஆனது என்றால் உண்மையில் மூன்றரை மாதம்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை இட்லி தின்கிறது என்று அவசரப்படுவதில் பாதி இந்தக் கணக்குப் பிழையால் வருவது.

4. ஊற்றுவதை நிறுத்துங்கள்

எல்லாரும் இடறுவது இங்கேதான். நானும் இடறினேன்.

எங்கள் வீட்டில் பாலாடை (பால் புகட்டும் சங்கு) இருந்தது. என்.ஐ.சி.யு.வில் நர்ஸுகளும் அதில்தான் கொடுப்பார்கள். உதட்டில் வைத்து, குழந்தை விழுங்கும் வேகத்துக்குக் காத்திருந்து, சொட்டுச் சொட்டாக. வீட்டில் அதே பாலாடை வேறு பொருளாகிவிட்டது. நான் கையைப் பிடித்துக்கொள்வேன், அத்தை மூக்கை லேசாக அழுத்துவார், வாய் திறக்கும், பால் உள்ளே போகும். "நாலு வாய் உள்ள போனா ருசி புடிச்சிரும்மா, நாங்கல்லாம் இப்படித்தான் வளத்தோம்" என்பார். அவர் வளர்த்த குழந்தைகளின் தொண்டைக்குள் யாரும் குழாய் விட்டதில்லை.

மூக்கை அடைத்தால் குழந்தை வாயைத் திறப்பது குடிக்க இல்லை, மூச்சிழுக்க. மூச்சு இழுக்கும் அந்த நொடியில் நாம் பாலை ஊற்றுகிறோம். புரையேற இதைவிட வசதியான வழி கிடையாது. உள்ளே போனது 10 மில்லி என்றால், அன்று கெட்ட நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்க ஒரு வாரம் ஆகும்.

இந்தக் குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். முகத்தருகே வந்ததெல்லாம் வலித்தது. பிளாஸ்டர் வலித்தது, குழாய் வலித்தது, சளி உறிஞ்சும்போது மூச்சு முட்டியது. அவர்கள் கற்றது சரியான பாடம். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டால் நாம் செய்யும் எல்லாமே சண்டையாகிவிடும்.

அதே வகையில் இன்னும் சில:

தூக்கக் கலக்கத்தில் கொடுப்பது. விழித்த பிறகு இன்னும் அதிகமாக மறுப்பார்கள். கொஞ்ச நாளில் தூங்கவும் பயப்படுவார்கள்.

போனைக் காட்டி ஊட்டுவது. வாய் திறக்கும், விழுங்கவும் செய்யும். ஆனால் சாப்பிட்டதே குழந்தைக்குத் தெரியாது. எதுவும் படியாது. நடுவில் ஒரு தடவை கவனித்துவிட்டால், அதற்கப்புறம் போனையும் நம்பாது.

தொக்கம் எடுக்க அழைத்துப் போவது. வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது, அதனால்தான் சாப்பிடவில்லை என்று ஊரில் சொல்வார்கள். தொண்டைப் பக்கம் இன்னொரு அந்நியக் கை போவது இந்தக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் மனம் நோகக் கூடாதென்றால் சுற்றிப் போடச் சொல்லுங்கள். அதில் குழந்தையின் வாய்க்குச் சம்பந்தம் இல்லை.

"ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவது. ஒரு வாய் கொடுத்தால் இரண்டாவது வரும் என்று குழந்தைக்குத் தெரியும். அதனால் முதல் வாயையே தராது.

சரி, அப்படியானால் என்ன செய்வது? தலையைத் திருப்பினால், உதட்டை இறுக்கினால், கையால் தள்ளினால் ஸ்பூன் கீழே இறங்க வேண்டும். விவாதம் இல்லை, முகச்சுளிப்பும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும்: "திரும்பினா தப்பிச்சிடலாம்னு கத்துக்க மாட்டானா?" கற்றுக்கொள்வான், ஏற்கெனவே கற்றும் வைத்திருக்கிறான். அதனால்தான் அவன் தப்பிக்க வேண்டிய அளவுக்கு ஸ்பூனை நெருங்க விடக் கூடாது. ஒரு முழம் தள்ளி வைத்தால் அமைதியாக இருக்கிறானா? அங்கேயே வையுங்கள், அவன் அலுத்துப்போகும் முன் நீங்களே எடுத்துவிடுங்கள். முடித்து வைப்பது நீங்களாக இருந்தால் அவனுக்கு ஓட வேண்டிய அவசியம் வராது. இன்னொன்று, அலறாமலே மறுக்க வழி கொடுங்கள். அந்தக் காலிக் கிண்ணம் அதற்குத்தான். எங்கள் வீட்டில் அதன் பெயர் 'போதும் கிண்ணம்'. பிடிக்காததை அதில் போடலாம், துப்பலாம். ஒரு வயதை நெருங்கும் குழந்தைக்கு இது சீக்கிரமே புரிந்துவிடும். முதல் பத்து நாள் என் மகன் எல்லாவற்றையும் அதில்தான் போட்டான். போடுவதற்காகவே ஒவ்வொன்றையும் கையில் எடுத்தான் என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

5. வாயையும் வைத்தியத்தையும் பிரியுங்கள்

மகனுக்குக் குழாய் மாற்றும்போதெல்லாம் ஒரு நீலத் துண்டால் சுற்றிப் பிடிப்போம். வாயைத் துடைப்பதும் அதே துண்டில்தான். ஒரு நாள் கொடியில் காய்ந்த அந்தத் துண்டைப் பார்த்தே ஓங்கரித்தான். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

குழாய் மாற்றும் இடமும் சாப்பிடும் இடமும் வேறாக இருக்கட்டும். துண்டு வேறு, நேரம் வேறு, முடிந்தால் ஆளும் வேறு. ஊட்டுகிறவரே பிடித்து அழுத்துகிறவராகவும் இருந்தால் குழந்தை எந்த முகத்தை நம்பும்?

கன்னத்து பிளாஸ்டரைப் பிய்க்காதீர்கள். ஓரத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவிட்டால் மெதுவாகக் கழன்று வரும். புதிதாக ஒட்டும் முன் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டர் பிடிக்காமல் குழாய் நழுவும்.

மருந்தைப் பாலிலோ கூழிலோ கலக்காதீர்கள். கசந்தது மருந்து என்று குழந்தைக்குத் தெரியாது, பால்தான் கசந்தது. குழாய் இருக்கும்வரை மருந்தும் குழாயில் போகட்டும். எந்த மருந்தைக் குழாயில் விடக் கூடாது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

6. கையிலிருந்து உதட்டுக்கு

பயந்த வாய்க்கு மற்றவர் கை கடைசியில்தான் வர வேண்டும். முதலில் அவன் கை. அது எப்போது வரும், எப்போது போகும் என்று அவனுக்குத் தெரியும்.

உள்ளங்கை, முழங்கை, தோள், காது, கன்னம், கடைசியில் உதடு என்று விளையாட்டாகத் தொட்டுக்கொண்டு போங்கள். எங்கே உடம்பு விறைக்கிறதோ அதற்கு முந்தைய இடத்துக்குத் திரும்பி, அங்கேயே சிரிக்க வைத்து முடியுங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும், நாளில் நாலைந்து தடவை. குழாய்ப் பால் கொடுத்த உடனே செய்யாதீர்கள், வாந்தி வரும். வாந்தி வந்தால் அந்த விளையாட்டும் பயப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

குழாயில் பால் போகும் நேரத்தைக் குடும்பம் சாப்பிடும் நேரத்தோடு சேர்த்துவிடுங்கள். தனி அறையில் படுக்க வைத்துப் பால் விட்டால், வயிறு நிறைவதற்கும் வாய்க்கும் சம்பந்தம் உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. நாலு பேர் மெல்லும் சத்தம், குழம்பு வாசனை, கூடவே வயிறு நிறைவது, மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

உட்காரும்போது இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதம் எதிலாவது ஊன்றியிருக்கட்டும். கால் தொங்கினால் உடம்பைச் சமாளிக்கவே குழந்தையின் கவனம் போய்விடும். மடியில் சாய்த்துப் படுக்க வைத்துக் கொடுத்தால், அவன் தயாராகும் முன்னே உணவு தொண்டைக்குச் சரிந்துவிடும். எங்களுக்கு உயரமான நாற்காலி வாங்க முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் தலையணை, இடுப்பில் துப்பட்டா முடிச்சு, காலடியில் துணி சுற்றிய செங்கல். கடைசிவரை அதுதான்.

எதிரே தட்டில் ஒரு கரண்டி தயிர் வையுங்கள். ஊட்ட வேண்டாம். என் மகன் 19 நாள் அதை மேஜையில்தான் தேய்த்தான். 20ஆவது நாள் கண் அரித்ததோ என்னவோ, முகத்தைத் துடைத்தான், கொஞ்சம் உதட்டில் பட்டது. ஒரு நொடி உறைந்தான். நாக்கு வெளியே வந்து தொட்டுவிட்டுப் போனது. நான் கை தட்டியிருந்தால் அன்றைக்கு அதோடு முடிந்திருக்கும். பாராட்டும் ஒரு வகை வற்புறுத்தல்தான் என்று சிகிச்சையாளர் சொல்லியிருந்ததால், என் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

7. இப்போது உணவு

ஒரே பதத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். மழமழவென்று அரைத்தது, பிறகு கொஞ்சம் கெட்டியானது, பிறகு முள்கரண்டியால் மசித்தது, பிறகு ஈறாலேயே நசுங்கக்கூடிய மெத்தென்ற துண்டு (வேகவைத்த கேரட், வாழைப்பழம்). ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதுச் சுவை என்றால் பழைய பதம், புதுப் பதம் என்றால் பழைய சுவை.

நம் வீடுகளில் உடம்பு சரியில்லாத குழந்தைக்கு முதலில் கொடுப்பது ரசம் சாதம். விழுங்கப் பழகும் குழந்தைக்கு அதுதான் மிகவும் கஷ்டமானது. நாக்கு பருக்கையைச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்கு ஓடிவிடும். பருக்கை மிதக்கும் கஞ்சி, பாலில் ஊறிய பிஸ்கட் எல்லாம் இதே சிக்கல்தான். இவை கடைசி. ரசத்தின் ருசி வேண்டுமென்றால் விரலை முக்கி நக்கட்டும். என் மகன் தயிருக்கு அடுத்து விரும்பியது அதைத்தான். சப்பென்ற கூழைவிட அழுத்தமான ருசி சில குழந்தைகளுக்குச் சீக்கிரம் பிடிக்கும். ஒரு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் சேர்க்காதீர்கள், தேன் கூடவே கூடாது.

இட்லியும் நினைப்பதைவிடக் கடினம். வெறும் இட்லி மாவாகி அண்ணத்தில் ஒட்டும். தயிரோ நெய்யோ விட்டுக் குழைத்துக் கொடுங்கள்.

மிக்ஸியிலேயே நின்றுவிடாதீர்கள். பொதுவாக 6 முதல் 10 மாதத்துக்குள் கட்டியுள்ள உணவு அறிமுகமாகாவிட்டால் பின்னால் மெல்லப் பழகுவது கடினமாகும். நம் பிள்ளைகள் அந்தக் காலத்தை ஆஸ்பத்திரியில் கழித்துவிட்டார்கள். அதனால் மெல்லுவதைத் தனியாகக் கற்பிக்க வேண்டும். நீளமான மெத்தென்ற துண்டை நாக்கின் நடுவில் வைக்காமல் கடைவாய்ப் பக்கம், ஈறுகளுக்கு நடுவே அவன் கையாலேயே வைக்கச் செய்யுங்கள். நடுவில் வைத்தால் அப்படியே விழுங்கப் பார்ப்பான்.

வேர்க்கடலை, முழுத் திராட்சை, தேங்காய்ச் சில்லு, முறுக்கு எதுவும் வேண்டாம்.

ஓங்கரிப்பு வேறு, அடைப்பு வேறு. ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், முகம் சிவக்கும், தானாக வெளியே தள்ளிவிடும். அப்போது அமைதியாக இருங்கள், வாய்க்குள் விரல் விடாதீர்கள், பதறி முகத்தை மாற்றாதீர்கள். அடைப்பில் சத்தமே வராது, அழவும் முடியாது. அதற்கான முதலுதவி ஒரு வயதுக்குக் கீழே ஒரு மாதிரி, மேலே வேறு மாதிரி. உணவைத் தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரியில் செய்துகாட்டச் சொல்லி, வீட்டில் ஊட்டும் எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள்.

8. பசிக்க விடுங்கள், டாக்டரோடு சேர்ந்து

இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் பால் போகும் குழந்தைக்குக் காலையில் பசி எங்கிருந்து வரும்? முதல் வேலை அளவைக் குறைப்பது இல்லை, நேரத்தைப் பிரிப்பது. நாளின் மொத்தத்தை மாற்றாமல், இரண்டரை முதல் மூன்று மணி இடைவெளியில் வேளைகளாகக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். நடுவில் கொறிக்க எதுவும் வேண்டாம். ஒரு வேளை 20 நிமிடத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம்.

வாயில் தினமும் கொஞ்சம் போகத் தொடங்கிய பிறகே குழாய்ப் பாலைக் குறைக்கும் பேச்சு. எந்த வேளையில் எத்தனை மில்லி என்று டாக்டரும் உணவு ஆலோசகரும் எழுதித் தரட்டும். தினமும் தேவையான நீரின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். குழாயில் குறையும்போது முதலில் குறைவது தண்ணீர்தான்.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகர மருத்துவமனை, பசியை வைத்தே வேகமாகக் குழாயை விடுவிக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. வீடியோவில் பார்த்துவிட்டு வீட்டில் திடீரென்று பாலை நிறுத்தியவர்களைச் சந்தித்திருக்கிறேன். அங்கே குழந்தைகளை அருகிலிருந்து கண்காணிக்க ஒரு குழுவே இருக்கிறது. கைக்குழந்தைக்கும் இதய நோயுள்ள குழந்தைக்கும் சர்க்கரை இறங்கும் ஆபத்து உண்டு. இன்னொன்று, பயம் போகாத குழந்தையைப் பட்டினி போட்டால் அது சாப்பிடாது, சோர்ந்து படுத்துவிடும்.

6 மணி நேரம் சிறுநீர் போகவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, வேகமாக மூச்சு வாங்குகிறது என்றால் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

9. குழாயைக் கழற்றும் முன்

எல்லாம் நன்றாகப் போகும்போது ஒரு காய்ச்சல் வரும். மூக்கடைப்பில் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒன்றாக முடியாது, பழையபடி எல்லாவற்றையும் தள்ளிவிடுவான். வற்புறுத்தாமல் தயங்காமல் குழாய்க்குத் திரும்புங்கள். காய்ச்சல் விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், இரண்டு படி கீழே போய் ஏறுங்கள். மூன்று வாரம் ஆனதை மூன்று நாளில் எட்டிவிடுவான்.

அதனால்தான், வாயில் நன்றாகச் சாப்பிடுகிறான் என்ற மறுநாளே குழாயை எடுக்கச் சொல்லாதீர்கள். சில வாரம் குழாயைத் தொடாமலே எடை குறையாமல் நிற்க வேண்டும், ஒரு சளிக் காய்ச்சலையும் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் மூக்குக் குழாயே சில குழந்தைகளுக்குத் தொண்டையில் உறுத்திக்கொண்டு விழுங்குவதைக் கெடுக்கும். அப்படித் தோன்றினாலோ, இன்னும் மாதக்கணக்கில் குழாய் தேவைப்படும் என்றாலோ, வயிற்றில் வைக்கும் குழாயைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். தோல்வி என்று நினைத்து நான் அதை இரண்டு தடவை மறுத்தேன். முகத்திலிருந்து பிளாஸ்டர் போவதே பாதி வைத்தியம் என்று இப்போது நினைக்கிறேன்.

கழற்றும் நாளில் அதை ஊட்டும் நாற்காலியில் வைத்துச் செய்ய வேண்டாம். அன்று புது உணவு எதுவும் வேண்டாம், உறவினர்களைக் கூப்பிட்டுக் கொண்டாடவும் வேண்டாம். அவனுக்குப் பழகிய தயிர், பழகிய கிண்ணம் போதும். கன்னத்தில் பிளாஸ்டர் இருந்த இடம் சில நாள் சிவந்து அரிக்கும். அதைத் தேய்த்துத் துடைக்காமல் விடுங்கள்.